கண்ணாடிப் பாலத்துக்கு நேஷனல் பார்க் பாஸ் செல்லாது

கேள்வி: டிசம்பர் கடைசியில், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு லாஸ் வேகஸ் போகிறோம். கிராண்ட் கேன்யன் கண்ணாடிப் பாலத்தில் நடக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எங்களிடம் நேஷனல் பார்க் ஆண்டுப் பாஸ் இருக்கிறது, அது போதுமா? அதே நாளில் நேஷனல் பார்க்குக்குள் இருக்கும் தெற்கு விளிம்பான சவுத் ரிம்மையும் பார்த்துவிடலாமா? வேகஸ் தெருவிலேயே பாதி விலைக்கு டூர் கிடைக்கும் என்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: முதலில் பாஸ். செல்லாது. கண்ணாடிப் பாலம் நேஷனல் பார்க்குக்குள் இல்லை. அது இருப்பது வாலபை என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில். 1883-இல் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. அவர்கள் நடத்தும் சுற்றுலா இடத்துக்குப் பெயர் கிராண்ட் கேன்யன் வெஸ்ட். 2007-இல் அங்கே திறந்த பாலம்தான் ஸ்கைவாக். நீங்கள் கட்டும் பணம் அந்த மக்களுக்குப் போகிறது. வாசலில் பாஸை நீட்டி, "இதுவும் கிராண்ட் கேன்யன்தானே" என்று வாதாடிவிட்டு வந்து என்னிடம் புலம்புகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். டிக்கெட் கொடுக்கும் பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. ஒரே பெயரை நான்கு இடங்களுக்கு ஒட்டி விற்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். விளம்பரத்தில் 'வெஸ்ட்' என்ற ஒரு சொல்லைப் பெரிதாகப் போட என்ன கேடு?

ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். வேகஸிலிருந்து வெஸ்ட்டுக்கு சுமார் 200 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். அங்கிருந்து சவுத் ரிம்முக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல். பெரியவர்களைக் காரிலேயே உட்கார வைத்துக் களைப்படையச் செய்வதுதான் மிச்சம். போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும்.

இப்போது அந்தப் பாதி விலை டூர். தயவுசெய்து தெருவில் வாங்காதீர்கள். ஹோட்டல் வரவேற்பறையிலும் நடைபாதையிலும் சிறிய மேஜை போட்டுச் சிரித்த முகத்தோடு நிற்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்று அன்பாக விசாரிப்பார்கள். பேச்சு முடிவில், "நாளை காலை சின்ன மீட்டிங், கணவன் மனைவி இரண்டு பேரும் வர வேண்டும், காலைச் சாப்பாடு எங்களுடையது" என்பார்கள். அதுதான் டைம்ஷேர் விற்பனை, அதாவது விடுமுறை வீட்டில் வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையைத் தலையில் கட்டுவது. ஒன்றரை மணி நேரம் என்று சொன்னது எளிதில் முடியாது. வேண்டாம் என்று ஒருவரிடம் சொன்னால் அடுத்து ஒரு மேலாளர் வந்து உட்காருவார். என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு குடும்பம் இப்படி ஒரு முழுக் காலையைத் தொலைத்தது. மூத்தவர்கள் இருவரும் வெளியே ஒரு சோபாவில் காத்திருந்தார்கள். கடைசியில் கையில் கிடைத்தது நுழைவுக் கட்டணம் சேராத ஒரு பஸ் சீட்டு!

அப்புறம் இணையத்தில் தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் மறுவிற்பனைக்காரர்களின் விளம்பரம்தான். அசல் தளம் போலவே இருக்கும். யாரிடம் வாங்கினாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த ரிம்? நுழைவும் ஸ்கைவாக்கும் சேர்த்தா? ஸ்கைவாக் டிக்கெட் பொது நுழைவுக்கு மேல் தனியாக வாங்குவது. இதை மழுப்புகிறவரிடம் கார்டைக் கொடுக்க வேண்டாம். "பாதை மண் ரோடு, உங்கள் கார் போகாது" என்று பயமுறுத்துவதும் பழைய தந்திரம். டயமண்ட் பார் ரோட்டுக்கு 2014-லேயே தார் போட்டாயிற்று. சாதாரணக் காரே போதும். நீங்களே ஓட்டிப் போங்கள். போல்டர் சிட்டி தாண்டுவதற்குள் பெட்ரோல் நிரப்புங்கள். வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் போவது டிசம்பர். வேகஸ் நெவாடாவில், பாலம் அரிசோனாவில். கோடையில் இரண்டு இடத்திலும் கடிகாரம் ஒன்றே. நவம்பரில் நெவாடா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும், அரிசோனா தள்ளாது. அதனால் குளிர்காலத்தில் அரிசோனா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். வேகஸில் ஏழு மணிக்குக் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஓட்டினால், உங்கள் கணக்கில் ஒன்பதரை, அங்கே பத்தரை. அங்கே ஹெலிகாப்டர் சவாரிக்குப் பகல் பன்னிரண்டு என்று பதிவு செய்துவிட்டு, வேகஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து 'சரியான நேரம்' என்று போய் நின்ற குடும்பத்தை எனக்குத் தெரியும். அங்கே மணி ஒன்று. எல்லையோரம் போனும் இரண்டு நேரத்துக்கும் இடையே தாவும், நம்பாதீர்கள். இதில் இன்னொரு விலக்கும் உண்டு: நவஹோ என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் நிலத்தில், அரிசோனாவுக்குள்ளேயே இருந்தும், கோடையில் கடிகாரத்தை மாற்றுவார்கள். வாலபை நிலத்தில் மாற்றுவதில்லை. குளிர்காலத்தில் இரண்டும் ஒரே நேரம், ஆகவே உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. கோடையில் அந்தப் பக்கம் போனால் நினைவிருக்கட்டும்.

சரி, அங்கே போன பின். காரை முனையத்திலேயே விட்டுவிட வேண்டும். உள்ளே அவர்களுடைய ஷட்டில் பஸ்தான். பாலத்தில் ஏறும் முன் செருப்பின் மேல் துணி உறை மாட்டச் சொல்வார்கள், கண்ணாடியில் கீறல் விழக்கூடாது என்பதற்காக. கேமரா, போனைப் பாலத்துக்குக் கொண்டுபோகும் விஷயத்தில் நீண்ட காலம் கறாராக இருந்த இடம். போகிற வாரத்து விதியை அவர்களுடைய சொந்தத் தளத்தில் பார்த்துவிடுங்கள். பாலம் குதிரை லாடம் போல விளிம்புக்கு வெளியே 70 அடி நீண்டு வளைந்து திரும்பும். விளம்பரத்தில் சொல்லும் 4,000 அடி, ஆற்று மட்டம் வரையிலான உயரம். காலுக்கு நேர் கீழே ஆறு ஓடாது. பக்கத்துப் பள்ளத்தாக்கின் பாறைதான் தெரியும், கொலராடோ ஆறு தள்ளி இருக்கும். அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஏமாற வேண்டாம்.

ஆற்றை நன்றாகப் பார்க்க குவானோ பாயின்ட் போங்கள். எதிர்க்கரைக் குகையிலிருந்து வௌவால் எச்சத்தை உரத்துக்காகக் கம்பி வழியே இழுத்து வந்த காலத்துத் துருப்பிடித்த கோபுரம் இன்னும் அங்கே நிற்கிறது. பாலத்தை விட எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். ஆனால் விளிம்பின் பெரும்பகுதியில் கம்பி வேலி கிடையாது. காற்று வேறு பலமாக அடிக்கும். படம் எடுக்கிறேன் என்று யாரும் பின்னால் நகரக்கூடாது. அப்பாவுக்குப் பிடிமானமுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள்.

டிசம்பரில் அங்கே ஐந்தரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். திரும்பும் பாதையில் விளக்கு இல்லை, மாடுகள் குறுக்கே வரும். அரிசோனா நேரம் நான்குக்கெல்லாம் வண்டியை எடுத்துவிடுங்கள்.