சிசிலியில் டாக்டருக்குப் படிப்பது: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

என் ஊர் திண்டுக்கல். 2021-ல் ஐமேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி, இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் மெசினாவில் ஆங்கில வழி மருத்துவம் சேர்ந்தேன். இப்போது ஐந்தாம் வருடம். நான் கிளம்பிய நேரத்தில் விவரம் சொல்ல ஒருவர்கூடக் கிடைக்கவில்லை, அதனால் கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் மாணவி: அக்கா, நீட்டில் குவாலிஃபை ஆகிவிட்டேன், ஆனால் அரசு சீட் கிடைக்கிற மார்க் இல்லை. தனியார் கல்லூரிக்கு அப்பாவால் முடியாது. சிசிலியில் ஃபீஸே இல்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை தங்கச்சி. இங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானம், சொத்து, வீட்டில் எத்தனை பேர் எல்லாவற்றையும் சேர்த்து இஸே என்று ஓர் எண் கணக்கிடுவார்கள். அது 22,000 யூரோவுக்குக் கீழே இருந்தால் படிப்புக் கட்டணம் கிடையாது, மாநில வரி ஒன்றும் 16 யூரோ முத்திரையும்தான் கட்டுவோம். நம் ஊர் நடுத்தரக் குடும்பம் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். அதே எண்ணை வைத்துத்தான் எர்சு என்ற மாணவர் உதவி அமைப்பின் ஸ்காலர்ஷிப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும். வெளியூர் மாணவர்களுக்கு முழுத் தொகை கிடைத்தால் வருடத்துக்கு 6,000 யூரோவுக்கு மேல் வரும், அதில் ஒரு பகுதி சாப்பாடாகவும் தங்குமிடமாகவும் போகும்.

ஆனால் இதெல்லாம் காகிதத்தில் நிற்கிற விஷயம். அப்பா அம்மா வருமானச் சான்று, சொத்து விவரம், வங்கி இருப்பு, குடும்பத்தில் யார் யார் என்கிற சான்று, எல்லாவற்றுக்கும் வெளிநாட்டில் செல்லுவதற்கான அப்போஸ்தில் முத்திரை, இத்தாலிய மொழிபெயர்ப்பு. இதில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு: இனிஷியல். என் அப்பா பெயர் தாசில்தார் சான்றிதழில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் விரித்து, வங்கியில் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாக. இங்கே குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், 16 எழுத்து வரி எண்ணையே அந்த இரண்டோடு பிறந்த தேதி, இடம் போன்றவற்றையும் சேர்த்துத்தான் உருவாக்குகிறார்கள். மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருந்தால் மூன்று மனிதர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'இவர்கள் ஒரே நபர்' என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அதற்கும் முத்திரை போட்டு அனுப்ப எங்களுக்கு ஏழு வாரம் ஆனது. ஸ்காலர்ஷிப் கடைசித் தேதி அதற்குள் போய்விட்டது, முதல் வருடம் முழுக்க அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார். நீ இன்றைக்கே பெயர்களைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடு.

மதுரை மாணவர்: ஐமேட் தேர்வுக்கு நீட் படிப்பு போதுமா?

பெரும்பாலும் போதும். 60 கேள்வி, 100 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். சரியென்றால் 1.5, தவறென்றால் 0.4 கழியும், விட்டுவிட்டால் பூஜ்யம். நான் எழுதியபோது பொது அறிவும் தர்க்கமும் சேர்ந்து 22 கேள்வி, அதில் ஐரோப்பிய வரலாறு, இலக்கியம் என்று கேட்டு என்னைத் திணறடித்துவிட்டார்கள். 2023-ல் அதை மாற்றி உயிரியல் 23, வேதியியல் 15, இயற்பியலும் கணிதமும் 13, மற்றது 9 என்று கொண்டுவந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இது நல்ல மாற்றம். கணிதத்தை மட்டும் விட்டுவிடாதே, பயாலஜி குரூப் எடுத்த பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். இன்னொன்று, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தனி இடங்கள், தனிப் பட்டியல். நான் எழுதிய வருடம் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. மிலான், ரோம் என்று பெயருக்கு ஆசைப்பட்டு அங்கே போட்டு, சிசிலியில் சுலபமாக இடம் கிடைத்திருக்கக்கூடிய மார்க்கோடு வீட்டில் உட்கார்ந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அந்த வருட அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட்டு ஊரைத் தேர்ந்தெடு.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அப்பா: மகள் படித்து முடித்து இங்கேயே வந்து பிராக்டிஸ் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஆசை. இத்தாலி டிகிரி செல்லுமா?

ஐயா, நீங்கள்தான் சரியான கேள்வியை முதலில் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் இதை நான்காம் வருடத்தில்தான் கேட்கிறார்கள்.

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிகள்படி, வெளிநாட்டில் குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும், படித்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யும் தகுதி வேண்டும். அதற்குப் பிறகு இந்தியாவில் தேர்வு, இன்னொரு 12 மாத இன்டர்ன்ஷிப். நீட்டில் தகுதி பெறாமல் கிளம்பினால் இந்தக் கதவே திறக்காது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இப்போது நடக்கும் எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும்.

இத்தாலியில் படிப்பு ஆறு வருடம், 54 மாதம் என்பது தாராளமாக வந்துவிடும். 2020-க்குப் பிறகு பட்டத்திலேயே மருத்துவர் தகுதியும் சேர்ந்துவிடுகிறது. சிக்கல் இன்டர்ன்ஷிப்பில்தான். இங்கே தகுதிக்குக் கணக்கில் எடுக்கும் பயிற்சி மூன்று மாதம்: ஒரு மாதம் மெடிசின், ஒரு மாதம் சர்ஜரி, ஒரு மாதம் குடும்ப மருத்துவரிடம். மற்ற வார்டு பயிற்சியெல்லாம் ஆறு வருடத்தில் பரவிக் கிடக்கிறது, நம் ஊர் ஹவுஸ் சர்ஜன் மாதிரி தனியாக ஒரு வருடம் கிடையாது. 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆணையத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்புவதுதான் ஒரே திட்டம் என்றால், அந்தப் பதில் கையில் வரும் வரை பணம் கட்ட வேண்டாம் என்பேன். மகளுக்கு ஐரோப்பாவிலேயே வேலை பார்க்க விருப்பம் இருக்கிறதா என்று அவளிடமும் உட்கார்ந்து பேசுங்கள் ஐயா, ஆறு வருடம் படிக்கப்போவது அவள்தானே.

கோவை மாணவி: ஆங்கில வழிதானே, இத்தாலியன் எதற்கு?

வகுப்பு ஆங்கிலம். நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். மூன்றாம் வருடத்தில் வார்டுக்குள் போகிறபோது இது பளிச்சென்று தெரிந்துவிடும். நான் இரண்டு வருடம் உட்கார்ந்து இத்தாலியன் படித்து, தைரியமாகத்தான் போனேன். எண்பது வயதுப் பாட்டி ஒருவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு 'மி மாங்கா உ ச்சாத்து' என்கிறார். எனக்கு 'ச்சாத்து' பிடிபடவே இல்லை. இத்தாலியனில் மூச்சுக்கு 'ஃபியாதோ', எனக்குத் தெரிந்தது அதுதான். பக்கத்தில் நின்ற நர்ஸ், மூச்சு முட்டுகிறது என்கிறார், இது சிசிலியன் என்று சொன்ன பிறகுதான் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கவே கை போனது. மறுநாள் போனபோது கொஞ்சம் தெளிவாக இருந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு 'ச்சாத்து மியு' என்றார். என் மூச்சே என்று அர்த்தம், நாம் 'என் உயிரே' என்று கொஞ்சுவோமே, அதே மாதிரி. மொழி தெரியாவிட்டால் இந்த இரண்டையுமே இழப்போம், நோய் விவரத்தையும் அந்த அன்பையும். முதல் வருடத்திலேயே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கு.

திருநெல்வேலி மாணவர்: வாய்மொழித் தேர்வு என்றால் நம் வைவா மாதிரியா?

வைவாவைவிடப் பெரியது தம்பி, பல பாடங்களில் அதுதான் தேர்வே. 30-க்கு மதிப்பெண், 18 எடுத்தால் பாஸ். அனாட்டமிக்கு நடைபாதையில் நாற்பது பேர் நிற்போம், பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும், எல்லோரும் பின்னால் உட்கார்ந்து கேட்கலாம். பேராசிரியர் தோள்பட்டை எலும்பைக் கையில் கொடுத்து 'பேசுங்கள்' என்றார், அவ்வளவுதான் கேள்வி. நம் பழக்கத்தில் கேள்விக்கு விடை சொல்ல வரும், ஒரு எலும்பைப் பற்றிப் பத்து நிமிடம் கோவையாகப் பேச வராது. நான் இரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டேன், அடுத்த முறை வரச் சொன்னார். நல்லது என்னவென்றால் ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர் என்று வாய்ப்புகள் வந்துகொண்டே இருக்கும். கிடைத்த மார்க் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதலாம். ஆனால் ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர்கள் அப்படி விளையாட முடியாது, முதல் வருடத்தில் ஆகஸ்ட் 10-க்குள் 20 கிரெடிட் (பாஸான பாடங்களுக்குக் கிடைக்கும் புள்ளி) சேர்த்தாக வேண்டும். சுவரைப் பார்த்துச் சத்தமாகப் பேசிப் படி, எனக்கு அதுதான் கைகொடுத்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: அக்கா, என்ர மாமா கனகாலமாப் பலெர்மோவில இருக்கிறார். அங்க நிறையத் தமிழ் ஆக்கள் இருக்கினம் எண்டு சொல்லுவார். அங்கயிருந்து படிக்கலாமே?

மாமா சொல்வது சரிதான். எண்பதுகளிலிருந்தே ஈழத் தமிழர்கள் வந்து குடியேறிய ஊர் பலெர்மோ. நான் முதல் முறை போனபோது மோந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். 1624 பிளேக்கிலிருந்து ஊரைக் காத்தவர் என்று பலெர்மோக்காரர்கள் கும்பிடுகிற புனிதை அவர். அங்கே வருகிறவர்களில் நம் ஆட்கள் அத்தனை பேர், சைவர்களும் கத்தோலிக்கரும் சேர்ந்து. பக்கத்தில் ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தமிழில் வேண்டிக்கொண்டிருந்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக்காரர் வீடு இருப்பது பெரிய பலம்தான், ஆனால் எங்கே இடம் கிடைக்கிறதோ அந்த ஊரில்தான் தங்க வேண்டிவரும். மெசினாவிலிருந்து பலெர்மோ ரயிலில் மூன்று மணி நேரம். இலங்கையில் பதிவு செய்ய வேண்டுமென்றால் உங்கள் மருத்துவப் பேரவையின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும், திரும்பியதும் ஈஆர்பிஎம் பரீட்சையும் எழுத வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

வேலூரிலிருந்து ஓர் அம்மா: பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறதும்மா.

பயம் இருக்கத்தான் செய்யும் அம்மா. என் அம்மா முதல் மாதம் தூங்கவே இல்லை. நான் இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து நடந்து வருகிறேன், தெருவில் பாட்டிமார் பால்கனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டு விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் வீட்டுக்காரர் வாய்வார்த்தையாகச் சாவி கொடுத்தால் வாங்க வேண்டாம், தங்கும் அனுமதிக்கும் ஸ்காலர்ஷிப்புக்கும் அந்தக் காகிதம் வேண்டும். என் முதல் வீட்டுக்காரர் பதிவு செய்கிறேன் என்று மூன்று மாதம் இழுத்தார், கடைசியில் நான்தான் வீடு மாறினேன். இப்போது அறைக்கு 230 யூரோ தருகிறேன். வந்து இறங்கி எட்டு வேலை நாளுக்குள் தபால் நிலையத்தில் தங்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும், அந்த ரசீதைத் தொலைக்கவே கூடாது.

சேலம் மாணவர்: மால்டா, சைப்ரஸ் எப்படி?

மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி, அதனால் வாழ்க்கை சுலபம். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் 2017-லிருந்து கோசோ தீவில் ஐந்து வருட எம்பிபிஎஸ் நடத்துகிறது. சைப்ரஸில் நிகோசியா பல்கலைக்கழகத்தில் ஆறு வருட எம்டி. இரண்டும் நல்ல படிப்புதான், ஆனால் கட்டணம் சிசிலியைவிடப் பல மடங்கு. வடக்கு சைப்ரஸ் என்று விளம்பரம் வந்தால் மட்டும் நிதானமாக இரு. அந்தப் பகுதியைத் தனி நாடாக ஏற்றிருப்பது துருக்கி மட்டும்தான். நீ வேலை பார்க்க நினைக்கும் நாட்டின் மருத்துவ கவுன்சில் அந்தக் கல்லூரியை ஏற்கிறதா என்று நேரடியாகக் கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதே.

ஈரோட்டிலிருந்து ஓர் அண்ணன்: என் தங்கையை அங்கே சேர்க்க ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா?

வேண்டாம் அண்ணா. முன்பதிவு யூனிவர்சிட்டாலி என்ற அரசு தளத்தில், உங்கள் தங்கையே செய்துவிடலாம். தேர்வில் மார்க் வந்தால் சீட், வராவிட்டால் இல்லை, நடுவில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எங்களிடமும் ஒருவர் ஒன்றரை லட்சம் வாங்கினார், செய்தது அந்தப் படிவத்தை நிரப்பியதுதான், அதிலும் என் பிறந்த தேதியைத் தப்பாகப் போட்டிருந்தார். அந்தப் பணத்தில் இத்தாலியன் வகுப்பு போகச் சொல்லுங்கள்.

சென்னை மாணவி: அங்கே பார்க்கிற நோயும் நம் ஊர் நோயும் ஒன்றா?

நல்ல கேள்வி. இங்கே தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடும் அதிகம், மொச்சை மாதிரியான ஃபாவா பயறு சாப்பிட்டுவிட்டு இரத்தச் சிவப்பணு உடைந்து வருகிறவர்களைப் பற்றி முதல் வருடத்திலிருந்தே பேசுவார்கள். காய்ச்சலோடு ஆடு வளர்க்கிறவர் வந்தால் புரூசெல்லோசிஸ் நினைவுக்கு வர வேண்டும். 'மால்டா காய்ச்சல்' என்றும் அதற்குப் பெயர், 1887-ல் டேவிட் புரூஸ் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததும் மால்டாவில்தான், அது ஆட்டுப்பாலில் வருகிறது என்று 1905-ல் காட்டியவர் சாமிட் என்ற மால்டாக்காரர். ஆனால் பாம்புக்கடி, டெங்கு, எலிக்காய்ச்சல் எல்லாம் இங்கே வார்டில் பார்க்கக் கிடைப்பது அரிது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் இவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும். நான் ஒவ்வொரு ஆகஸ்டும் திண்டுக்கல் வந்து தெரிந்த டாக்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறேன்.

அதே மாணவி: குக்கர் கொண்டு வரலாமா அக்கா?

தாராளமாக, மூன்று லிட்டர் போதும். கேஸ்கெட் இரண்டு கூடுதலாக எடுத்துக்கொள், இங்கே நம் அளவில் கிடைக்காது. புளி, சாம்பார் பொடி எல்லாம் பலெர்மோவில் தமிழ்க் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம், பெட்டியில் அந்த இடத்துக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் வை. கடற்கரை ஊர்தானே என்று நான் ஒன்றுமே எடுத்து வரவில்லை, கல் வீட்டில் ஜனவரி மாதம் தரை ஐஸ் மாதிரி இருக்கும்.