தேடல் பட்டனை அழுத்தியதும் ட்ரீவியூவில் (கிளை கிளையாக விரியும் பட்டியல்) கோடு மூலம் ஒரு நோடைத் (பட்டியலின் ஓர் உருப்படி) தேர்ந்தெடுத்தால், தேர்வானதாகவே தெரியவில்லையே, ஏன்?

விண்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் பழைய வசதி) என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். "இன்னுமா அதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் தாண்டிப் போய்விடலாம், ஓடுகிற சாஃப்ட்வேரை யாரும் சும்மா தூக்கிப்போட மாட்டார்கள்.

செலக்டட்நோடில் நோடைக் கொடுத்தாலே போதும், மூடியிருக்கும் மேல்கிளைகளும் திறந்துகொள்ளும். நிறம் தெரியாததற்குக் காரணம் ட்ரீவியூவின் ஹைட்செலக்ஷன் என்ற ப்ராப்பர்ட்டி. அது இயல்பாகவே ட்ரூ. ஃபோகஸ் உங்கள் தேடல் பட்டனில் இருக்கும்வரை ட்ரீ தன் தேர்வைக் காட்டாது. ஃபால்ஸ் ஆக்குங்கள், மங்கலாகவாவது தெரியும். பளிச்சென்று வேண்டுமானால் ட்ரீக்கே ஃபோகஸ் கொடுங்கள். டைப் அடிக்க அடிக்கத் தேடும் பெட்டி என்றால் மட்டும் வேண்டாம், இரண்டாவது எழுத்து ட்ரீக்குள் போய் விழும்.

இன்னொன்று, டெக்ஸ்டை (திரையில் தெரியும் பெயர்) வைத்து நோடைத் தேடாதீர்கள். நம் ஊரையே பாருங்கள்: யூனியன் பிரதேசம் புதுச்சேரி, அதற்குள் மாவட்டம் புதுச்சேரி, அதற்குள் தாலுகா புதுச்சேரி. தாலுகாவைக் கேட்டால் உச்சியில் இருப்பதுதான் முதலில் சிக்கும். கடலூரிலும் மாவட்டம், தாலுகா இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஒவ்வொரு நோடுக்கும் தனி எண்ணைக் கீயாக (அடையாளக் குறியாக) கொடுத்துச் சேருங்கள். பெயரையே கீயாக வைக்காதீர்கள், 2006இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது. இன்றைக்கும் சில ஆன்லைன் படிவங்களில் பழைய பெயர்தான். சிலதில் நம்மைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே தள்ளிவிடுகிறார்கள். அந்த எரிச்சல் வேறு கதை.

நோட்ஸ்.ஃபைண்டுக்குக் கீயோடு ட்ரூவும் கொடுத்தால் எல்லா மட்டத்திலும் தேடும். அது பார்ப்பது நோடின் நேமை (நீங்கள் கொடுத்த கீ அங்கேதான் உட்காரும்), டெக்ஸ்டை அல்ல. டெக்ஸ்ட் மட்டும் கொடுத்து ஆட் செய்திருந்தால் நேம் காலியாக இருக்கும், காலி அர்ரேதான் திரும்பி வரும். நீளம் பார்க்காமல் பூஜ்யமாவதை எடுத்தால் எர்ரர். அதே பெயரில் புது ட்ரீநோட் உருவாக்கி செலக்டட்நோடில் போடுவது இன்னும் மோசம்: ட்ரீயில் எதுவும் தேர்வாகாது, எர்ரரும் வராது.

பிஃபோர்எக்ஸ்பாண்டில்தான் (கிளை விரியும் முன் வரும் ஈவென்ட்) பிள்ளை நோடுகளை ஏற்றுகிறீர்கள் என்றால், திறக்காத கிளைக்குள் இருப்பது ஃபைண்டுக்குச் சிக்காது. மேலிருந்து ஒவ்வொரு மட்டமாக எக்ஸ்பாண்ட் செய்துகொண்டே இறங்குங்கள்.

கோடு மூலம் தேர்ந்தெடுத்தாலும் ஆஃப்டர்செலக்ட் (தேர்வானதும் வரும் ஈவென்ட்) ஓடும், அப்போது ஆக்ஷன் அன்னோன் என்று வரும். பயனர் கிளிக்குக்கு மட்டும் செய்ய வேண்டிய வேலையை பைமவுஸ், பைகீபோர்டு பார்த்துப் பிரித்துவிடுங்கள். ஏற்கெனவே தேர்வில் உள்ள நோடையே மறுபடி கொடுத்தால் அந்த ஈவென்ட் வராது.