ரோமிலிருந்து ஒரே நாளில் பொம்பெயி இடிபாடுகளைப் பார்த்துத் திரும்ப முடியுமா? எப்படித் திட்டமிடுவது?

முடியும். ஆனால் முழுதாகப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை ரோமிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள். கி.பி. 79-இல் எரிமலை வெடித்துப் புதைந்த இந்த ரோமானிய நகரம் மதிலுக்குள் மட்டும் சுமார் 66 ஹெக்டேர். 1748-இல் தோண்டத் தொடங்கி இன்றுவரை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வெளிவந்திருக்கிறது. கால்களுக்கு அதுவே அதிகம்.

ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். அங்கே கீழ்த்தளத்துக்கு இறங்கி சிர்க்கும்வெசுவியானா எனும் உள்ளூர் ரயிலில் சொர்ரெண்டோ போகும் வண்டியைப் பிடியுங்கள். சுமார் 40 நிமிடம். இறங்க வேண்டிய நிலையம் 'பொம்பெய் ஸ்காவி'. வெறும் 'பொம்பெய்' என்ற நிலையமும் 'பொம்பெய் சாந்துவாரியோ'வும் இன்றைய ஊருக்குள், இடிபாடுகளின் மறுகோடிப் பக்கம் இருக்கின்றன. பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிட்டுத் திண்டாடுபவர்கள் நிறைய. வண்டியில் நெரிசலும் உண்டு, பிக்பாக்கெட்டும் உண்டு. பர்ஸை முன்பக்கம் வையுங்கள்.

2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கையில் வேண்டும். 30×30×15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இலவசம். அதனாலேயே அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

போர்த்தா மரீனா வாசலில் நுழைபவர்கள் அநேகமாக எல்லாரும் போரம் எனும் நகர மைதானத்தில் ஒரு மணி நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். அது திறந்தவெளி, எப்போது வந்தாலும் பார்க்கலாம். காலை 9 மணிக்கு நுழைந்ததும் அதைக் கடந்து நேராக வடக்கே வெத்தி வீட்டுக்குப் போங்கள். அறைகள் சிறியவை, சுவரோவியங்கள் நிறைந்தவை. கூட்டம் சேர்ந்துவிட்டால் வெளியே வரிசையில் நிற்க வேண்டியதுதான். அருகிலுள்ள ஃபான் வீட்டில் தரையில் தெரியும் அலெக்சாந்தர் மொசைக் நகல். மூலத்தை நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1938-இல் பொம்பெயியில் கிடைத்த, 'பொம்பெயி லட்சுமி' என்று பெயர் வாங்கிய இந்திய யானைத்தந்தச் சிலையும் அங்கேதான். அருங்காட்சியகத்துக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள், செவ்வாய் விடுமுறை.

வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மூன்று எண்கள் உண்டு: வட்டாரம், மனைத்தொகுதி, வாசல். வெத்தி வீடு என்றால் 6, 15, 1. வட்டார எண்ணும் மனைத்தொகுதி எண்ணும் தெருமுனைச் சுவர்களில் பதித்திருக்கும் என்பதால், கூகுள் மேப்பைவிட இதுவே கைகொடுக்கும். வீடுகளை மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். ஆகவே ஒரே வீட்டை நம்பிப் போகாமல் பக்கத்தில் இன்னும் இரண்டைக் குறித்துவையுங்கள்.

பிறகு தெற்கே போரத்துக்குத் திரும்பி, அபொந்தான்ஸா வீதி வழியே கிழக்கே நடங்கள். என்னைக் கேட்டால் மாளிகைகளைவிட இந்த வீதிதான் விசேஷம். குறுக்கே நிற்கும் உயரக் கற்கள் மழைநீரிலும் சாக்கடையிலும் கால் படாமல் கடப்பதற்கு; வண்டிச் சக்கரம் போக இடைவெளி விட்டிருக்கிறார்கள், சக்கரம் அறுத்த தடமும் பக்கத்திலேயே தெரியும். வாசற்படியில் நீளமாகக் காடி வெட்டியிருந்தால் அது கடை: பலகைகளை அடுக்கிச் சாத்திய இடம். கல்மேடையில் ஜாடிகள் புதைந்திருந்தால் சாப்பாட்டுக்கடை. நீர்த்தொட்டிகளின் விளிம்பு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். குனிந்து குடித்தவர்கள் கையூன்றிய இடம் அது.

மேற்கூரை ஏன் பெரும்பாலான கட்டடங்களில் இல்லை? கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது முதலில் பொழிந்தது நுரைக்கல். அதன் பாரத்தில் கூரைகள் இறங்கின. மறுநாள் பாய்ந்த சுடுசாம்பல் வெள்ளம்தான் எஞ்சியவர்களைக் கொன்றது. அந்தச் சாம்பல் உடல்களைச் சுற்றி இறுகி, உடல் மக்கியபின் வெற்றிடமானது. 1863-இல் தொல்லியலாளர் பியொரெல்லி அதற்குள் பாரிஸ் சாந்தை ஊற்றி வடிவங்களை எடுத்தார். 'தப்பியோடியவர்களின் தோட்டத்தில்' 13 பேரின் வார்ப்புகளைப் பார்க்கலாம். கிழக்குக் கோடியிலுள்ள அரங்கத்துக்கு (ஆம்பிதியேட்டர்) போகும் வழியில் இந்தத் தோட்டம் இருக்கிறது.

நிழல் மிகக் குறைவு. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் நடை வதைத்துவிடும். தெருக்குழாய்களில் குடிநீர் வருகிறது, காலி பாட்டில் போதும். வழவழப்பான எரிமலைக் கல் பாவிய சாலையில் செருப்பு வழுக்கும். பிடிப்பான அடிப்பாகமுள்ள ஷூ வேண்டும். வெளியேறிவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியாது.

மதிலுக்கு வெளியே இருக்கும் மர்மங்களின் மாளிகைக்கு, வாங்கும்போதே அதையும் சேர்த்த டிக்கெட்டாகக் கேளுங்கள். அது வடமேற்கு மூலையில், அரங்கமோ கிழக்குக் கோடியில்; ஒரே நாளில் இரண்டும் சேர்ந்தால் முழங்கால் பேசும். மாளிகையை விட்டுவிட்டால், அரங்கத்துப் பக்க வாசலில் வெளியேறலாம். காலையில் தவிர்க்கச் சொன்ன சாந்துவாரியோ நிலையம் அங்கிருந்து பக்கம், நேப்பிள்ஸுக்கு வண்டியும் உண்டு.