ஊட்டியின் புல்லும் கொடைக்கானலின் மரமும்

அன்புள்ள ஐயா,

கோல்ஃப் ஆடுபவரின் பையைச் சுமந்து யோசனையும் சொல்லும் கேடிகளைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தபின் இதை எழுதுகிறேன். சென்ற மே மாதம் ஊட்டியிலும் அதற்கடுத்த வாரம் கொடைக்கானலிலும் கோல்ஃப் ஆடினேன். இரண்டுமே பதினெட்டுக் குழி மைதானங்கள். ஊட்டியில் முதலில் என் பந்துகள் கிரீனை, அதாவது கொடி நட்ட ஓட்டையைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை, தாண்டிப் போயின. சரிசெய்து மெல்ல அடித்தால் முன்னாலேயே விழுந்தன. கொடைக்கானலில் நேராகப் போய் விழுந்த பந்துகூட ஓடி மரத்தடியில் நின்றது. இரண்டில் எதன் குழிகள் சிறப்பாக அமைந்தவை? நீளமான மைதானமே கடினம், கடினமானதே சிறந்தது என்கிறார்கள் என் நண்பர்கள். பன்னிரண்டு வயது மகளுக்கு எங்கே ஆடிப் பழக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீளத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால், கோவையில் 150 கெஜம் போகும் அடி அங்கே ஏறக்குறைய 160 கெஜம் போகும். கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். என் அப்பா ஊட்டியில் முப்பது ஆண்டுகள் கேடியாக இருந்தார். சமவெளியிலிருந்து வருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வது, "ஒரு கிளப் குறைத்து எடுங்கள்" என்பதுதான்; வழக்கமாக எடுப்பதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் மட்டையை எடுங்கள் என்று பொருள். காற்றழுத்தம் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. ஆயிரக்கணக்கான பந்துகளின் பின்னால் நடந்து கண்டறிந்தது அது. அட்டையில் அச்சிட்ட கெஜக்கணக்கை வைத்து மலை மைதானத்தை அளப்பவர்கள் அவரிடம் ஒரு நாள் பேசியிருக்க வேண்டும்.

குழி என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். ஒன்று, கொடி நட்டிருக்கும் நாலேகால் அங்குல ஓட்டை. மற்றொன்று, முதல் அடி அடிக்கும் இடமான டீயிலிருந்து அந்த ஓட்டை வரைக்குமான நிலம் முழுவதும். நீங்கள் கேட்பது இரண்டாவதைப் பற்றி. அந்த நிலம் ஆட்டக்காரனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளும் இருக்க வேண்டும். கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி இதை வலியுறுத்தியவர். வலுவானவன் பள்ளத்தைத் தாண்டி அடிக்கட்டும். வலுவில்லாதவனுக்கு ஓர் அடி கூடுதலாகச் செலவானாலும் சுற்றிப் போக வழி இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. நான் பார்த்தவரை இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இந்த அளவுகோலை வைத்துத்தான் நான் ஊட்டி பக்கம் நிற்கிறேன். சொந்த ஊர்ப் பாசம் காரணமில்லை.

ஊட்டி மைதானம் இருப்பது வென்லாக் டவுன்ஸில். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. ஆனால் அந்த நிலத்தின் கதை அவருக்கும் வெகு முந்தையது. தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த புல்வெளி அது. மேட்டிலும் சரிவிலும் புல், ஈரம் தங்கும் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு என்பதே நீலகிரியின் இயல்பு. இந்த மடிப்புகள்தான் உங்களை ஏமாற்றின. பந்துக்கும் கிரீனுக்கும் நடுவே ஒரு பள்ளம் மறைந்திருந்தால், கண் அந்தப் பள்ளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்மேட்டின் விளிம்பும் கிரீனும் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும், தொலைவு சுருங்கும், அடி குறையும். நீங்கள் மெல்ல அடித்த பந்துகள் முன்னால் விழுந்தது இதனால்தான். மெக்கன்சி தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் மருத்துவராக இருந்தபோது எதிரிகள் நிலத்தில் மறையும் திறமையைக் கண்டு வியந்தவர். அந்தப் பாடத்தைத் தம் மைதானங்களில் கையாண்டார். ஊட்டியில் அந்த வேலையை மலையே செய்திருக்கிறது.

அங்கே மஞ்சளாகப் பூக்கும் ஒரு முட்புதரையும் பார்த்திருப்பீர்கள். கோர்ஸ் (gorse) என்று பெயர், ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் கடலோர மைதானங்களில் பந்தை விழுங்குவதும் இதே செடிதான். ஆட்டத்துக்கு அது அழகான தடை, ஆனால் எங்கள் புல்லைத் தின்று பரவுகிறது. அதை அகற்றுவதால் ஒரு குழி எளிதாகிவிடும் என்றால், எளிதாகட்டும்.

கொடைக்கானல் வேறு வகை. அங்கே கண்ணைவிடக் கால்தான் முக்கியம். வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் இழுக்கும், கீழே இருந்தால் வலப்பக்கம் ஓடும். நேரான அடி என்று நீங்கள் சொல்வது பந்து காற்றில் போன பாதையை மட்டும்தான். தரை தொட்டபின் அது தண்ணீர்போலப் பள்ளம் தேடும். ஒரு குடம் தண்ணீரை அங்கே கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுமோ, அதற்கு எதிர்ப்பக்கம் குறிவைக்க வேண்டும். சரிவில் நின்று அடிக்கும் இரண்டாவது அடியின் நுட்பத்தில் கொடைக்கானல் ஊட்டியை மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது போய்ப் பாருங்கள். காட்டெருமைகள் வந்து போன தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். கிரீனில் பதிந்த குளம்புத் தடத்தைச் சரிசெய்துகொள்ள 2019-இல் வந்த கோல்ஃப் விதிகள் அனுமதிக்கின்றன. காட்டெருமையே நின்றால் விலகி நிற்பதுதான் நல்லது.

எனக்குள்ள குறை மரங்களைப் பற்றியது. 1895-இல் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியபோது பழனி மலையின் மேற்பகுதியும் பெரும்பாலும் புல்வெளிதான். சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் எல்லாம் அதன்பின் பெருமளவில் நட்டும் பரவியும் வந்தவை; இந்த மலைக்கு உரியவை அல்ல. இருபுறமும் மரச்சுவர் எழுந்துவிட்டால் குழிக்கு ஒரே விடைதான் மிஞ்சும்: நடுவில் அடி. சுற்றிப் போகும் வழி அடைபட்டுவிடும். நீலகிரியிலும் இதே மரங்களைத் திட்டுத் திட்டாக நட்டார்கள், அங்கும் இதே இழப்பு நேர்ந்தது. ஆனாலும் வென்லாக் டவுன்ஸில் இன்னும் வானம் தெரிகிறது, பந்துக்கு மூன்று பாதைகள் தெரிகின்றன. அந்தப் புல்லைக் காப்பாற்றச் சொல்லி யார் குரல் கொடுத்தாலும் நான் அவர்களோடு நிற்பேன்.

மகளை ஊட்டிக்கு அழைத்து வாருங்கள். பை நிறைய வேண்டாம், மூன்று கிளப் போதும். டிசம்பர், ஜனவரி என்றால் உறைபனி உருகும்வரை காத்திருங்கள். பனி போர்த்திய புல்லை மிதித்தால் அது ஒடிந்து, காலடித் தடம் நாள்கணக்கில் கருகிக் கிடக்கும். எங்கே அடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். டீயில் நின்று, எந்தப் பக்கமாகப் போகலாம் என்று அவளே பார்த்துச் சொல்லட்டும்.