சேவைத்துறை: திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகள்

நான் மீன் பிடிக்கிறேன். விடுதியில் கட்டில் விரிப்பவர் எதை உற்பத்தி செய்கிறார்? – கடற்றொழிலாளி, நிலாவெளி

1776இல் பொருளியலாளர் அடம் சிமித்தும் ஏறக்குறைய உங்களைப் போலத்தான் எழுதினார், அண்ணா. பணியாளரின் உழைப்பு செய்த கணமே மறைந்துவிடுகிறது என்பது அவர் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நீங்கள் பிடித்த பாரையையே பாருங்கள். கரையில் ஏலம் கூறுபவர், ஐஸ் போட்டு இரவோடிரவாகக் கொழும்புக்கு ஓட்டும் லொறிச் சாரதி, இயந்திரத்துக்குக் கடன் தந்த வங்கி, காற்று எச்சரிக்கை விடும் வளிமண்டலவியல் திணைக்களம் எல்லாமே சேவைதான். லொறி வராத நாளில் உங்கள் மீன் என்ன விலைக்குப் போகிறது? அந்த வித்தியாசத்தில் சாரதியின் உழைப்பு இருக்கிறது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட உழைப்பிலிருந்தே வருகிறது.

கத்தாரில் சாரதியாக இருக்கும் தம்பி அனுப்பும் பணமும் இதில் சேருமா? – மூதூர்

சேராது. அவர் உழைப்பு கத்தாரின் உற்பத்தியில் சேரும். பணம் எமது சென்மதி நிலுவையில், அதாவது வெளிநாடுகளுடனான எமது வரவு செலவுக் கணக்கில், மாற்றலாக (பதிலுக்கு எதுவும் கொடுக்காமல் வரும் பணமாக) பதிவாகும். அதில் நீங்கள் கட்டும் ரியூசன் கட்டணம் மட்டும் இங்குள்ள சேவைக்கான செலவு.

அம்மாவின் சமையல்? – மாணவி

வீட்டுக்குச் சமைத்தால் கணக்கில் வராது. சம்பளத்துக்கு விடுதியில் சமைத்தால் வரும். இது கணக்கு முறையின் பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

சீசன் முடிந்ததும் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது? – விடுதி ஊழியை, உப்புவெளி

உங்கள் கடிதம் என்னை வருத்தியது, தங்கச்சி. நெல்லைக் களஞ்சியத்தில் வைக்கலாம். நேற்று வெறுமையாய்க் கிடந்த அறையை இன்று விற்க முடியாது. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. பிறகு வடகீழ்ப் பருவமழை. நாட்டுக்கு 2018இல் 23 இலட்சம் பயணிகள் வந்தார்கள், 2021இல் இரண்டு இலட்சம்கூட இல்லை. இந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் தலையில் மட்டும் சுமத்துவது அநியாயம். தற்காலிக ஊழியருக்கும் ஊழியர் சேமலாப நிதி உண்டு: உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். கட்டப்படவில்லையென்றால் அவற்றுடன் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள்.