கையடக்கக் கேமராவும் சாமநத்தம் நாரையும்

மதுரைப் பக்கம் சின்னக் கேமராவோடு பறவை பார்க்கவும் ஊர் சுற்றவும் போகிறவர்கள் கேட்டவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, ஒரு இன்ச் சென்சார் வாங்கவா, ஜூம் அதிகமுள்ளதை வாங்கவா?

சென்சார் என்றால் ஒளியைப் படமாக்கும் சில்லு. பெயரில்தான் ஒரு இன்ச் தம்பி, அளந்தால் 13.2 x 8.8 மி.மீ. இருந்தாலும் நீள ஜூம் கேமராக்களில் வரும் பொடி சென்சாரைவிட நாலு மடங்கு பரப்பு. நிக்கான் பி1000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 24-லிருந்து 3000 மி.மீ. வரை இழுக்கும். ஆனால் லென்ஸ் ஒளி விடும் அளவு (எஃப் எண் கூடினால் ஒளி குறையும்) தொடக்கத்தில் எஃப்/2.8, கடைசியில் எஃப்/8. அதாவது உள்ளே வரும் ஒளி எட்டில் ஒரு பங்கு. எடையும் 1.4 கிலோ, அதைக் கையடக்கம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊர் சுற்றலும் உண்டு என்றால் ஒரு இன்ச்சே வாங்குங்கள். படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூமை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

அவனியாபுரம்: சாமநத்தம் கண்மாயில் எடுத்த நாரையெல்லாம் நெளிகிறது. லென்ஸ் கோளாறா சார்?

எத்தனை மணிக்குப் போனீர்கள்? பதினொன்று என்றால் அது கானல். சூடேறிய காற்று ஒளியை வளைக்கிறது. லட்ச ரூபாய் லென்ஸும் அதை நேராக்காது. விடிந்ததும் போங்கள், வெயிலை முதுகுக்கு வைத்துக் கரையில் உட்காருங்கள். நின்றால் பறந்துவிடும், அரை மணி அசையாமல் இருந்தால் அதுவே கிட்டே மேய வரும். அந்தப் பத்தடிதான் பெரிய ஜூம். அப்புறம், வெள்ளைக் கொக்கின் இறகு வெளிறிப்போனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7-க்கு இறக்குங்கள். பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் 1/1000 விநாடிக்குக் குறையக் கூடாது.

மேலூர்: அரிட்டாபட்டியில் வல்லூறு கிடைக்குமா?

2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம். லகர், ஷாஹீன் இரண்டு வல்லூறும் உண்டு. ஆனால் பாறை உச்சியில் இருப்பது சின்னக் கேமராவில் புள்ளியாகத்தான் விழும். கூடு தேடிப் பாறை ஏற வேண்டாம். கீழே சுனையோரம் தட்டானை எடுங்கள். இரண்டு மூன்று அங்குலம் வரை நெருங்கி ஃபோகஸ் செய்வதில் இந்தக் குட்டிக் கேமராக்கள் கில்லாடி.

திருநகரிலிருந்து ஒரு அக்கா: அழகர் ஆற்றில் இறங்குவதை எடுத்தால் கலங்கலாக வருகிறதே?

விடியல் வெளிச்சம் அவ்வளவுதான் அக்கா. ஜூம் இழுக்காமல் அகலத்திலேயே வைத்து ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 கொடுங்கள். குதிரையோடு கூட்டமும் விழட்டும், அதுதான் படம். கேமராவை மணலில் வைத்துவிடாதீர்கள். ஒரு வருஷம் நான் வைத்தேன். லென்ஸ் குழலில் மணல் புகுந்து பாதி நீண்டபடியே நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கேட்ட காசுக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கிவிட்டேன். இப்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில்தான் கொண்டு போகிறேன்.