பழைய பிரிட்டன்ஸ் ஈய பொம்மை வீரர்களுக்குப் பெட்டியும் இருந்தால் விலை ஏன் கூடுகிறது?

பொம்மையை மட்டும் வைத்து அது எந்த செட், எந்தக் காலத்தது என்று சொல்வது சிரமம், பெட்டி சொல்லிவிடும். லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893 முதல் உள்ளே கூடான ஈய வீரர்களை வார்த்து, சிவப்பு அட்டைப்பெட்டியில் விற்றது. காலாட்படை என்றால் வழக்கமாக 8 பேர், குதிரைப்படை என்றால் 5. உள் அட்டையோடு நூலால் கட்டியிருப்பார்கள். அந்த நூல் இன்னும் அவிழாமல் இருந்தால் யோகம்தான், தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்! மூடி லேபிளில், அதை வரைந்த ஓவியர் ஃபிரெட் விஸ்டாக்கின் கையெழுத்து இருந்தால் இன்னும் மவுசு. லேபிளில் உள்ள செட் எண்ணுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒன்றின் பெட்டியில் இன்னொன்றைப் போட்டு விற்பதும் உண்டு. வீரனின் அடியில் ஆண்டு இருந்தால் அது அந்த வடிவத்துக்கு உரிமை பெற்ற ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல.